பச்சை மூடி ஜாடி

என் அண்ணனைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. வெளியாள் யாராவது அவனை ஒரு வார்த்தை சொன்னால் மல்லுக்கு நின்றுவிடுவேன். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: என் அண்ணன் நல்லவன், கெட்டிக்காரன், மாடாய் உழைப்பவன், சுத்த மடையன்.

எங்கள் லேப் ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் இருக்கிறது. மூன்று அறைகள். முதல் அறையில் உலை. அண்ணன் பவுடர் செய்யும் இடம். நடு அறையில் குளோவ் பாக்ஸ் என்கிற பெரிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் காற்றும் ஈரமும் கிடையாது, ஆர்கான் வாயு மட்டும்தான். வெளியிலிருந்து ரப்பர் கையுறைகளுக்குள் தோள்வரை கையை விட்டுத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். கடைசி அறை என்னுடையது. அங்கே டெஸ்டிங் மெஷின். கீழே கடையில் யாராவது கட்டிலை இழுத்தால் மேலே எங்கள் தராசு ஆடும். கட்டில் விற்காத நாள்தான் நமக்கு நல்ல நாள் என்று அண்ணி சொல்வாள்.

நான் படித்தது கணக்குப்பதிவியல். "ஒரு மாசம் வந்து கூடமாட இரு" என்று அண்ணன் கூப்பிட்டான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிய செல்களை மூடி அழுத்தி, மெஷினில் மாட்டி, அவற்றில் சார்ஜ் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் நான் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். பாதி நேரம் உண்மையும் அதுதான்.

அண்ணனின் உயிர் சிலிக்கானில் இருக்கிறது. நம் போனில் இருக்கும் பேட்டரியின் ஒரு பக்கத்தில் பென்சிலில் வருகிற கிராஃபைட்தான் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அதற்குள் போய் உட்காரும், இறங்கும்போது வெளியே வரும். கிராஃபைட் கொள்வதைவிடப் பல மடங்கு லித்தியத்தைச் சிலிக்கான் கொள்ளும். கொண்டால் சும்மா இருக்காது, மூன்று மடங்குக்கு மேல் வீங்கும். காலியானால் சுருங்கும். இப்படி வீங்கிச் சுருங்கி, வீங்கிச் சுருங்கி, பொடிப்பொடியாகிவிடும். அதற்கு அண்ணன் ஒரு வழி செய்தான். கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே தெரியாத அளவுக்கு நுண்ணிய ஓட்டைகளோடு சிலிக்கானைச் செய்தான். வீங்குகிற சிலிக்கான் தன் ஓட்டைக்குள்ளேயே வீங்கிக்கொள்ளட்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். உலகத்தில் பல பேருக்கு அதே யோசனை வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

அண்ணி அவனோடு படித்தவள். லேபை வாடகைக்கு எடுத்ததே இரண்டு பேரும் சேர்ந்துதான். பேட்டரியில் அண்ணனுக்கு ஒரு பக்கம், அண்ணிக்கு எதிர்ப்பக்கம். டெஸ்டிங் மெஷினில் வரிசையாகக் கிளிப்புகள் இருக்கும். ஒரு ஜோடிக் கிளிப்பில் ஒரு செல்லை மாட்டலாம். அதற்குச் சேனல் என்று பெயர். ஒரு செல்லைச் சோதிக்கப் பல வாரம், சில சமயம் பல மாதம் ஆகும் என்பதால், சேனல் கையில் இருந்தால்தான் வேலை நடக்கும். ஆரம்பத்தில் பாதிச் சேனல் அண்ணனுக்கு, பாதி அண்ணிக்கு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, எந்தச் சேனலில் யார் செல் என்று எழுதிவைப்போம். அண்ணன் நீலப் பேனா, அண்ணி பச்சைப் பேனா. அவளுடைய ஜாடிகளுக்கும் பச்சை மூடிதான்.

கல்லூரிப் பழக்கத்தில் லேபில் அவனை "நீ, வா, போ" என்பாள். வீட்டுக்கு வந்ததும் "நீங்க, வாங்க" ஆகிவிடும். மாடிப்படி இறங்கும்போதே மரியாதை ஏறிவிடும் என்று நான் கிண்டல் செய்வேன்.

அண்ணி செய்த பவுடர் ஒரு விசித்திரம். இரும்பும் லித்தியமும் சேர்ந்தது, பழுப்பு நிறம். முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போது தன்னிடம் இருக்கும் லித்தியத்தை அள்ளிக் கொடுத்துவிடும். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளாது. பேட்டரி என்றால் போக வேண்டும், வர வேண்டும். போவது மட்டும் தெரிந்த பவுடரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அண்ணன் அதற்கு "ஒன்வே" என்று பெயர் வைத்தான். அண்ணியும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை ஜாடியில் எழுதி ஒட்டினாள்.

சிரித்தாலும் அவள் அதை விட்டுவிடவில்லை. ஒருநாள் அண்ணனின் செல் ஒன்று திரையில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் டீ கிளாஸோடு நின்று, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்பப் பூரிச்சுப் போகாதே. இது ஹாஃப் செல்" என்றாள் அண்ணி.

"அதனால என்ன?"

"எதிர்ல லித்தியம் தகடு இருக்கு. உன் சிலிக்கான் கேக்கக் கேக்க அது கொடுத்துக்கிட்டே இருக்கு. மொத சார்ஜ்ல உன்னுது எவ்ளோ முழுங்குதுன்னு பாத்தியா?"

"அது மேல தோல் கட்டறதுக்குப் போகுது. எல்லாச் செல்லுலயும் போகறதுதானே?"

"எல்லாத்துலயும் இவ்ளோ ஓட்டை கிடையாது. ஓட்டை கூடக் கூடத் தோலும் கூடும். வீங்கறப்ப அந்தத் தோல் கிழியும், மறுபடி கட்டும், மறுபடி முழுங்கும். நிஜ பேட்டரில எதிர்ப்பக்கத்துல அளந்து வெச்சதுதான் இருக்கும். அது தீர்ந்தா செல் செத்துச்சு."

அண்ணன் கிளாஸை உருட்டிக்கொண்டே நின்றான்.

"என் ஒன்வேயை எதிர்ப்பக்கத்துல கொஞ்சமா கலந்து பாப்போம். அதுதான் மொத தடவையே அள்ளிக் கொடுத்துடுமே, உன் தோலுக்கு அது சரியாப் போயிடும். நிஜ பேட்டரி மாதிரி ஃபுல் செல்லாவே போட்டுப் பாக்கலாம். எனக்கு ரெண்டு சேனல் இருந்தா போதும்."

"பண்ணலாம், பண்ணலாம். முதல்ல ஹாஃப் செல் நல்லா வரட்டும்."

அவள் இரண்டு சேனல் கேட்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்றால், அதற்குள் பலகையில் பச்சை குறைந்திருந்தது. "இந்த வாரம் மட்டும் உன் சேனல் ஒண்ணு கொடு" என்று அண்ணன் கேட்பான். கொடுப்பாள். அந்த வாரம் முடியாது. அடுத்து இன்னொன்று. அவன் பறித்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்கினான். ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. அவன் செல்கள் நன்றாக ஓடின, பெரிய கம்பெனிகள் விசாரித்தன, கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். நன்றாக ஓடுகிற குதிரைக்குத்தானே புல் போடுவார்கள். கடைசியில் பலகை முழுக்க நீலமாகிவிட்டது. அண்ணி அவன் பவுடரைக் கலந்து தகட்டில் தடவி எலெக்ட்ரோடு செய்து கொடுத்தாள், அவன் அறிக்கையைத் திருத்திக் கொடுத்தாள், கம்பெனிக்காரர்களிடம் போனில் பேசினாள்.

பிறகு ஜாடி. குளோவ் பாக்ஸுக்குள் பவுடரைச் சூடேற்றும் கிண்ணங்களான புதிய மூசைகளை வைக்க இடம் தேவைப்பட்டது. அண்ணன் கையுறைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். பச்சை மூடி போட்ட ஜாடி கையில் தட்டுப்பட்டதும், வேறு இரண்டு காலி டப்பாக்களோடு சேர்த்து அதையும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே எடுத்தான். எடுத்து, இரும்பு பீரோவின் தலையில் வைத்தான். அந்தப் பவுடருக்குக் காற்று ஆகாது. ஈரக் காற்று பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அது அவனுக்குத் தெரியும். அண்ணி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். நான்தான், "அண்ணா, அது அண்ணியோடது" என்றேன்.

"தெரியும் குட்டி. மூடி இறுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி கையுறைக்குள் புகுந்துகொண்டான்.

அடுத்த மாதமே அண்ணி ஒரு தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு நிலையான வருமானம் வேண்டும் என்று காரணம் சொன்னாள். அது உண்மைதான் என்பதால் அண்ணனும் நம்பினான். அன்றிலிருந்து அவள் பேச்சில் "நீ" போய்விட்டது, "நீங்க" மட்டும் மிஞ்சியது. அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

கம்பெனிக்காரர் ஒருவர் நேரில் வந்தபோது ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. எந்த வெயிலிலும் கழுத்து டையைத் தளர்த்தமாட்டார் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் டைக்காரர். அவருடைய கம்பெனி பேட்டரி செய்து விற்கிறது. அண்ணனின் பவுடரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு விருப்பம்தான். ஆனால் ஃபுல் செல்லில் ஓடிக் காட்ட வேண்டும். இது நடந்தால் லேப் பிழைக்கும். நடக்காவிட்டால் மூன்று அறைகளையும் காலி செய்துவிட்டு, அண்ணன் எங்காவது வேலை தேட வேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கீழே கடைக்காரருக்கும் தெரியும். அவர் எங்கள் அறைகளில் மெத்தை அடுக்கலாம் என்று ரொம்ப நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் கிடைக்கும் நல்ல எதிர்ப்பக்கத் தகடு வாங்கி, ஃபுல் செல் செய்தோம். மாட்டினேன். முதல் சார்ஜிலேயே லித்தியத்தில் பெரும் பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் திரையில் கோடு படியிறங்கியது. அடுத்த வாரமே செல் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. இன்னொன்று செய்தோம். அதுவும் அதே வழியில் போனது. அத்தனை வருடம் ஜம்மென்று ஓடிய பவுடர் அதேதான், ஒரு குறையும் இல்லை. கொடுத்துக்கொண்டே இருந்த லித்தியம் தகடு மட்டும் எதிரே இல்லை.

டைக்காரர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"பவுடர் நல்லாத்தான் இருக்கு சார். லித்தியம்தான் பத்தல. முதல் சார்ஜ்ல உபரியா லித்தியம் விடற மாதிரி ஏதாவது எதிர்ப்பக்கத்துல சேத்துப் பாத்தீங்களா?"

"இல்ல" என்றான் அண்ணன்.

"பாருங்க. நான் இன்னும் ஒரு தடவை வரேன். அதோட முடிவு பண்ணிடலாம்."

அவர் போன பிறகு அண்ணன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தான். "உபரியா விடற பவுடர்... எங்க கிடைக்கும்? யார்கிட்ட கேக்கலாம்?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணா, இதை அண்ணி சொன்னாங்களே!"

"எதை?"

"ஒன்வேயைக் கலக்கலாம்னு. இதே ரூம்ல, நீ டீ குடிச்சுக்கிட்டு நின்னே. ரெண்டு சேனல் கேட்டாங்க."

"எப்ப?"

அவன் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அன்று அவனுடைய செல் எந்தச் சேனலில் ஓடியது, திரையில் என்ன எண் இருந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வான். என் அண்ணன் மேல் எனக்கு வந்த கோபங்களில் பெரியது அன்று வந்ததுதான்.

எழுந்து குளோவ் பாக்ஸுக்கு ஓடினான். இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கடைசித் தட்டுவரை துழாவினான். கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து படிந்து மறைந்தது.

"பச்சை மூடி ஒண்ணு இருக்குமே, பாத்தியா?"

"நீதானே வெளிய எடுத்து வெச்சே."

கையுறைக்குள் அவன் கைகள் அப்படியே நின்றுவிட்டன. நான் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ தலையில் ஒரு உடைந்த தராசுத் தட்டுக்குப் பின்னால் இருந்த ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். அண்ணியின் கையெழுத்து வெளிறிப்போயிருந்தது. திறந்தான். பழுப்பாக, மாவாக இருக்க வேண்டியது வெள்ளை பூத்துக் கட்டியாக ஒட்டிக்கிடந்தது. மழைநாளில் உப்பு ஜாடியைத் தட்டுவதுபோல மேஜையில் தட்டிப் பார்த்தான். ஒன்றும் உதிரவில்லை.

அன்று மாலை வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜாடியை அவள் முன்னால் வைத்தான். அவள் அதை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"கெட்டுப்போச்சு" என்றாள், பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கவில்லை, ஞாபகம் இல்லை என்பதைக்கூடச் சொன்னான். பிறகு, "மறுபடி செய்ய முடியுமா?" என்று கேட்டான்.

"முடியும்."

"நீ வந்து செய்வியா?"

கையில் இருந்த சட்டையை மடித்து முடித்து, அதை அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வரேன்."

அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டைக்காரருக்குப் போன் போட வாசலுக்கு ஓடினான். நான் அடுப்படிக்குப் போன அண்ணியின் பின்னாலேயே போனேன்.

"உங்களுக்குக் கோவமே வரலையா அண்ணி?"

"வந்துச்சு. அப்ப."

"எப்ப?"

"ஜாடியை வெளிய எடுத்தாரே, அன்னிக்கு. வேணும்னே தூக்கி எறிஞ்சிருந்தாக்கூட நல்லா ஒரு சண்டை போட்டிருப்பேன் குட்டி. அவர் இடம்தான் பண்ணினார். காலி டப்பாவோட டப்பாவா அதையும் எடுத்தார். இதுக்கு எப்படிச் சண்டை போடறது?"

குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். அவளுடைய தண்ணீர் லேபுக்கு வேறொரு ஊரில் கிளை திறக்கிறார்கள். பொறுப்பாக அவளைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"ரெண்டு தடவை சொன்னேன். கம்பெனி விஷயம் முடியட்டும், பேசிக்கலாம்னார். சரி, முடியட்டும். நீ ஒண்ணும் சொல்லாதே, நானே பேசிக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டீத்தூள் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கீழே கடை பூட்டியிருந்தது. தராசு அசையாமல் நின்றது. அண்ணி லேப் கோட்டை மாட்டிக்கொண்டு குளோவ் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருட இடைவெளி அவள் கையில் தெரியவே இல்லை. கையுறைக்குள் விரலை நுழைத்ததும், "யாரு இதைக் கிழிச்சு ஒட்டுப் போட்டது? நீதானே?" என்று அண்ணனை அதட்டினாள். "நீ" என்றாள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவனும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கியிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏங்கினாயே, வாயைத் திறந்து கேட்டாயா, மடையா?

உலையில் என்ன சூடு, எவ்வளவு நேரம் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. "உலையைத் தொடாதே. உன் கை பட்டாலே சூடு ஏறிடும்" என்று அவனைத் துரத்திக்கொண்டே இருந்தாள். அவன் அவளுக்குக் கிளாஸ் கழுவிக் கொடுத்தான், வாயு உருளையைத் திறந்து மூடினான், எடுபிடி வேலை பார்த்தான். பழுப்பு நிறத்தில் பவுடர் வந்தது. அடுத்த ஞாயிறும் வந்து அதை எதிர்ப்பக்கக் கலவையில் சேர்த்துத் தகட்டில் தடவினாள். காய்ந்ததும் நான் செல்லாக அழுத்தினேன். இரண்டு செல். அண்ணன் தன் செல்கள் இரண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இடம் கொடுத்தான்.

பலகையில் எழுத அண்ணி பச்சைப் பேனாவைத் தேடினாள். இருந்தது. மூடியைத் திறந்து எழுதினால் வெறும் கீறல்தான் விழுந்தது, காய்ந்துபோயிருந்தது. நீலத்தை எடுத்து எழுதினாள்.

முதல் சார்ஜ் ஏறும்போது மூன்று பேரும் திரை முன்னால் நின்றோம். கோடு மேலே போய், ஓர் இடத்தில் படுத்து, நீளமாக நடந்தது. ஒன்வே தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன், "பாரு, பாரு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய கோடு அது.

"இந்த இடம் அடுத்த சுத்துல இருக்காது" என்றாள்.

"தெரியும், ஒன்வேதானே!" என்று சிரித்தான் அண்ணன்.

அடுத்த சுற்றில் அது இல்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. அங்கே அப்படியொரு பவுடர் இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லாமல் செல் மட்டும் ஓடியது. வாரம் போயிற்று, அடுத்த மாதம் பிறந்தது, கோடு இறங்கவில்லை. டைக்காரர் வந்து பார்த்தார். முதல் முறையாக டையைத் தளர்த்தினார்.

"யாரோட ஐடியா சார் இது?"

"என் மனைவியோடது" என்றான் அண்ணன் பட்டென்று. நல்லவன் என்றேனே, பொய் இல்லை.

"அவங்களைப் பாக்க முடியுமா?"

"இன்னிக்கு வேலைக்குப் போயிருக்காங்க. அடுத்த தடவை வர்றப்ப இங்கதான் இருப்பாங்க."

அன்று அவன் வழியில் ஒரு கடையில் நின்று பச்சைப் பேனா வாங்கினான். ஒரு பெட்டி நிறைய. வீடு வரும்வரை என்னிடம் திட்டம் திட்டமாகப் பேசிக்கொண்டு வந்தான். கம்பெனிக் கையெழுத்து ஆனதும் இன்னொரு மெஷின் வாங்குவது, அண்ணிக்குத் தனி உலை, பலகையில் மறுபடி பாதிப் பாதி. நான் பஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாதே என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

வீட்டுக் கூடத்தில் பயணப் பெட்டி திறந்து கிடந்தது. அண்ணி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பெட்டியைப் பார்த்தான். பேனாப் பெட்டி அவன் கையிலேயே இருந்தது.

"அந்த ஊர் வேலையா?" என்றான். அப்படியானால் அவள் சொன்னது அவன் காதில் விழத்தான் செய்திருக்கிறது.

"ஆமா. கம்பெனி விஷயம் முடிஞ்சிடுச்சில்ல?"

அவனும் தரையில் உட்கார்ந்தான். "போக வேண்டாம். லேபுக்கு வந்துடு. சேனல்ல பாதி உனக்கு. பாதி என்ன, எல்லாத்தையும் எடுத்துக்கோ. நான் காத்திருக்கேன், என் செல்லு காத்திருக்கட்டும்."

அண்ணி மடியில் இருந்த துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் குத்தல் இல்லை, கண்ணில் தண்ணீரும் இல்லை.

"அப்ப தலை நிறைய இருந்துச்சுங்க. குளிக்கறப்பக்கூட அதேதான் ஓடும். இதைக் கலந்தா என்ன ஆகும், அதை மாத்தினா என்ன ஆகும்னு. ரெண்டு சேனல் கிடைச்சா போதும்னு இருந்தேன். இப்ப எல்லாத்தையும் கொடுக்கறீங்க. அதுல மாட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லையே. அந்த ஒரு பவுடர்தான் மிச்சம் இருந்துச்சு. அதையும் செஞ்சு கொடுத்துட்டேன்."

அவள் கத்தியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பான். மன்னிப்புக் கேட்டிருப்பான், காலில்கூட விழுந்திருப்பான். பேனாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குத் துணி மடித்துக் கொடுக்க ஆரம்பித்தான். ஒழுங்காக மடிக்கத் தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, பிரித்து, மறுபடி மடித்து வைத்தாள்.

ஊருக்குப் போன பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளாமல் இல்லை. அவன் மாதத்துக்கு ஒருமுறை போய்விட்டு வருகிறான். அவளுக்கு அங்கே பெரிய அறை, அவள் பொறுப்பில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள், தண்ணீரைப் பற்றி நிறையப் பேசுகிறாளாம். "நல்லாத்தான் இருக்கா" என்று ஒவ்வொரு தடவையும் வந்து சொல்கிறான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பலகையில் இரண்டு கட்டங்களை அவன் காலியாக வைத்திருக்கிறான். அந்த இரண்டு சேனலிலும் யாரும் எதையும் மாட்டக் கூடாது. கம்பெனி வேலை குவிந்து கிடக்கிறது, மாட்ட வேண்டிய செல்கள் தட்டில் வரிசை கட்டி நிற்கின்றன, புது மெஷின் இன்னும் வந்து சேரவில்லை. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "அது அவளோடது" என்பான். பக்கத்தில் புதுப் பச்சைப் பேனா ஒன்று மூடி கழற்றாமல் இருக்கிறது.

போன வாரம் அண்ணி போன் செய்தபோது, அந்த முதல் செல் எப்படி ஓடுகிறது என்று வழக்கம்போலக் கேட்டாள். இன்னும் ஓடுகிறது என்றேன். பேச்சோடு பேச்சாக அந்த இரண்டு சேனலைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"சும்மா எதுக்குக் கிடக்கணும்? அவரோட செல்லையே மாட்டச் சொல்லு குட்டி" என்றாள்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அவள் சொன்னதை அவன் என்றைக்குக் கேட்டான்?